குடைந்த கல் தாண்டியதும் ஒரு மிஸ்ட் கோல்

மெக்கானிக் பியரத்ன பாஸிடம் வண்டி கொண்டுபோகிறவர்கள் என்ன கோளாறு என்று சொல்லத் தேவையில்லை. எந்த இடத்தில் நின்றது என்று சொன்னால் போதும். கண்டிக்குப் போகும் ரோட்டில், கடுகண்ணாவை ஏற்றத்தின் அடிவாரத்தில், ஹிங்குல சந்தியில் அவருடைய கராஜ். ஏற முடியாத வண்டிகள் எல்லாம் கடைசியில் உருண்டு வந்து சேரும் இடம் அது. "தூரியன் கடை வளைவுலே நின்னுச்சு பாஸ்" என்றால் அவர் போனட்டைத் திறந்து வயரைப் பார்ப்பார். "குடைஞ்ச கல்லுகிட்ட நின்னுச்சு" என்றால் பின் சீட்டைக் கழற்றுவார். தூரியன் கடை வரைக்கும் எந்தக் கிழட்டு வண்டியும் போய்விடும். பாறையைக் குடைந்து ரோடு போட்ட அந்தக் குடைந்த கல்லுக்கு முந்திய ஏற்றத்தில் எஞ்சின் கேட்கிற அளவுக்குப் பெட்ரோல் வராவிட்டால்தான் அங்கே உயிர் போகும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பழுது பார்த்த வண்டி ஏற்றத்தில் ஏறிக் குடைந்த கல்லைத் தாண்டியதும், ஓட்டுகிறவர் அவருக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். கதைக்க வேண்டாம், ஒரு தடவை அடித்தால் போதும். அதுவரை அவர் தேத்தண்ணி குடிக்கமாட்டார். அவருடைய மனைவி சீலாவதி ஊற்றி வைத்த தேத்தண்ணி, மேசை மேல் போனுக்குப் பக்கத்தில் காத்திருக்கும். "இந்த மனுசன் என்னைக் கட்டின நாள்லருந்து சுடுதேத்தண்ணி குடிச்சதே இல்ல. பேசாம ஐஸ் கடைக்காரியைக் கட்டியிருக்கலாம்" என்று சீலாவதி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் ரஸீன். பாஸ் என்னை 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். பக்கத்துக் கடைக்காரன். பிளக், ஃபில்டர், பெல்ட்டில் தொடங்கி ஆணி, கோழிக்கூட்டு வலை வரைக்கும் விற்கிறேன். இருபத்தாறு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே மதில். எனக்கு வாய் காது வரை நீளம். அவருக்கு வாய் இருப்பதே வெற்றிலை போடத்தான். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை இடையில் சொல்கிறேன். தள்ளிப்போடுவதற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

பியரத்ன பாஸ் தொழில் பழகியது கார்பரேட்டர் காலத்தில். இன்ஜெக்டர் வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்து குவியத் தொடங்கியபோது, இந்த ரோட்டிலிருந்த பழைய பாஸ்மார் பலர் "இது வயர் பிசாசு, நமக்கு வேண்டாம்" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் மட்டும் கொழும்புக்குப் போய், பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கிற ஒரு கேஜ் வாங்கி வந்தார். கொய்யாப்பழ அளவில் வட்ட முகமும் சிவப்பு முள்ளும் உள்ளது. மற்றவர்கள், "பியரத்ன டொக்டராயிட்டான், வண்டிக்குப் பிரஷர் பாக்கிறான்" என்று கேலி செய்தார்கள். சாவியைப் போட்டதும் பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ரீங்காரம் போடும். பின் சீட்டில் காதை வைத்து அதைக் கேட்பார். கேட்டுவிட்டு, "பம்ப்புக்கு ஒண்டுமில்ல, கரண்ட்தான் குறையுது" என்றால் அப்படித்தான் இருக்கும். பம்ப்பை மாற்றச் சொல்லிக் காசு பிடுங்குகிற கூட்டத்தை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

மல்காந்தி டீச்சரின் வெள்ளைக் கார் அவருடைய கைக்குழந்தை மாதிரி. தொண்ணூற்றேழாம் வருட வண்டி. டீச்சருடைய கணவர் திலகேயை ஊரே மரியாதையாக 'மாத்தயா' என்றுதான் கூப்பிடும்; தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் விடியற்காலை ஆறு மணிக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய அவருக்கு முறை. ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் நெஞ்சில் தண்ணீர் கட்டிக்கொள்ளும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற உடம்பில்லை அவருக்கு. ஆகவே அந்தக் கார் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு யாருக்கும் மறந்திருக்காது. பெட்ரோல் ஷெட் வாசலில் இரண்டு நாள், மூன்று நாள் வரிசை. மனிதர்கள் காருக்குள்ளேயே தூங்கினார்கள், பல் விளக்கினார்கள், ஒருவன் கல்யாணம் கூடப் பேசி முடித்தான். அப்படி வாங்கிய பெட்ரோலை, விடிவதற்குள் எவனோ குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போவான். ஒரு வியாழக்கிழமை டீச்சரின் கார் டாங்கி காலி. பாஸ் தன் மோட்டார் சைக்கிளிலிருந்த பெட்ரோலையெல்லாம் வடித்துக் கொடுத்து அனுப்பினார். மிஸ்ட் கோல் வந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"நானா, கோழிக்கூட்டு வலை இருக்கா?"

"கோழி எங்க பாஸ்? கோழிக்கே தீனி இல்லாத காலத்திலே?"

"கோழிக்கில்ல. கள்ளனுக்கு."

பெட்ரோல் ஊற்றுகிற வாய்க்குள், கொஞ்சம் கீழே இறக்கி, வட்டமாக வெட்டிய வலையைப் பதித்துவிட்டால் பெட்ரோல் இறங்கும், கள்ளனின் குழாய் இறங்காது. அதுதான் அவர் கண்டுபிடிப்பு. வலையைப் பிடித்து நிறுத்த ஒரு பசை கேட்டார். இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற கெட்டிப் பசைதான் அவருக்கு வேண்டும். அப்போது எந்தச் சாமானும் இறக்குமதி இல்லை. என்னிடம் இருந்தது சாம்பல் நிறச் சிலிக்கன் பசை, ஒரு பெட்டி நிறைய.

"இது பெட்ரோலுக்குத் தாங்குமா நானா?"

"இது எதுக்கும் தாங்கும் பாஸ்" என்றேன்.

இதுதான் என் பங்கு. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு கடைக்காரனுக்கு வாய் வராது, அதுதான் விஷயம். பாஸுக்கும் மனதில் ஏதோ இடித்திருக்கிறது, கேட்டாரே. ஆனால் வாசலில் ஏழு வண்டி நின்றது.

அறுபத்திரண்டு வண்டிக்கு வலை போட்டார். ஒரு சதம் வாங்கவில்லை. பௌர்ணமிப் போயா தினத்தில் பன்சலை விகாரையில் பெரிய பிக்கு மைக்கில் பணம் பாராத பியரத்னவின் பெயரைச் சொல்லி, "பிறர் பொருளைக் காப்பதும் ஒரு புண்ணியம்" என்று உபதேசம் செய்தார். வயலுக்கு மேலாக ஒலிபெருக்கியில் அது என் கடை வரைக்கும் கேட்டது. அடுத்த நாள் பாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தார். கிரீஸ் பட்டதும் கழற்றிவிட்டார், ஆனால் பத்து மணி வரை போட்டிருந்தார். அந்த மனிதன் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

வரிசைகள் முடிந்து, பெட்ரோல் தாராளமாக வந்து, ஒரு வருடம் போனது. பிறகு வண்டிகள் குடைந்த கல்லுக்குக் கிட்ட நிற்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, ஒரே வாரத்தில் நாலு. எல்லாவற்றுக்கும் ஒரே கதை. கீழே நன்றாக ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும், இருமும், நிற்கும். பத்து நிமிடம் சும்மா விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

"கள்ளப் பெட்ரோல்" என்றார்கள் எல்லோரும். மண்ணெண்ணெய் கலக்கிறான், தண்ணீர் கலக்கிறான் என்று ஷெட்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். நானும் இழுத்தேன், ஃபில்டர் நன்றாக விற்றது. பாஸ் ஃபில்டரை மாற்றுவார், ஒரு வாரம் ஓடும், மறுபடி வரும். அவரும் பெட்ரோலைத்தான் ஏசினார். எந்த வண்டியையும் காது வைத்துக் கேட்காமல் குற்றம் சொல்லாத மனிதன், அந்த ஒரு தடவை ஊரோடு ஒத்துப் பாடினார்.

ஒரு திங்கட்கிழமை டீச்சரின் காரும் நின்றது. குடைந்த கல்லுக்குச் சரியாக இருபது அடி இப்பால். நாலு தடவை நின்று நின்று, கடைசியில் அசையவே இல்லை. பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரன் திலகே மாத்தயாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை வேறொருவருக்குப் போய்விட்டது. மத்தியானத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அவருக்குக் கால் இரண்டும் பலாக்கொட்டை போல மினுமினுத்தது. ஆனாலும் மனிதன் சிரித்தார்.

"பியரத்ன, நான் நாப்பது வருசம் மத்தவங்க கடிதத்தை நேரத்துக்குச் சேத்தேன். என்னை யாரும் நேரத்துக்குச் சேக்கிறாங்க இல்லையே."

பாஸ் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை வண்டி ஏறும் மாத்தயா" என்றார். அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை. பார்ப்போம் என்பதுதான் அவர் வாயில் வரும் பெரிய உறுதி.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அந்தக் காரோடுதான் கிடந்தார். பம்ப்புக்குப் போகும் கரண்ட் சரியாக இருந்தது. கேஜை மாட்டினார். நின்றபடி ஓடும்போது முள் நாற்பதில் நின்றது. டாங்கிக்குத் திரும்பிப் போகும் குழாயை இடுக்கியால் நசுக்கினார், முள் மேலே துள்ளியது. பம்ப் பலசாலி என்று அர்த்தம். புது ஃபில்டர், குழாயில் அடைப்பில்லை. பத்து மணிக்குள் எல்லாப் பரீட்சையிலும் அந்தக் கார் தேறிவிட்டது.

"கராஜுக்குள்ள நல்ல பிள்ளையா நிக்குது. ரோட்டுலதான் நோய் தெரியும்" என்றார் பாஸ். நீளமான குழாயைப் போட்டு, கேஜை போனட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் டேப்பால் ஒட்டினார். "நானா, ஏறுங்க. நான் ரோட்டைப் பாக்கிறன், நீங்க முள்ளைப் பாருங்க."

கடையைச் சாத்திவிட்டு ஏறினேன். தூரியன் கடையில் நாற்பது. அடுத்த வளைவில் முப்பத்தெட்டு. ஏற்றம் தொடங்கியதும் முப்பத்தொன்று, இருபத்தேழு என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபதில் வண்டி இருமியது. பதினாலில் நின்றது. குடைந்த கல் கண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மறுபடி சாவி போட்டார். முள் ஒரே தாவலில் நாற்பது.

"பாத்தீங்களா?" என்றார். "பம்ப் உறிஞ்சுது. உறிஞ்ச உறிஞ்ச, ஏதோ ஒண்டு வந்து அது வாயைப் பொத்துது. உறிஞ்சுறதை விட்டா அது கீழ விழுந்துடுது. தண்ணி இப்படிச் செய்யாது நானா. மண்ணெண்ணெயும் செய்யாது." வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டார்.

கராஜுக்கு வந்து பின் சீட்டைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தார். பம்ப்பின் வாயில் விரல் அளவுக்கு ஒரு சல்லடைப் பை இருக்கும். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ மொழுமொழுவென்று ஒட்டியிருந்தது. பாஸ் அதை விரலில் எடுத்துத் தேய்த்தார். நூல் நூலாய்ப் பிய்ந்தது. எனக்கு அந்த நிறம் தெரியும். என் கடையில் இரண்டாம் தட்டில் இன்னும் மூன்று டியூப் இருந்தது.

பாஸுக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து போய், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். வலை ஒரு பக்கம் தொங்கியது. பசை ஊறி, பாலில் ஊறிய பாண் ரொட்டி போல உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். அறுபத்திரண்டு குரங்கு.

எனக்கு முதலில் வந்த நினைப்பு என் கடையைப் பற்றி. மறைக்கவில்லை, அதுதான் வந்தது. "பாஸ், இதை யாரும் பாக்கல. சுத்தம் பண்ணிட்டு வலையை வெட்டி எடுத்துடுங்க. பெட்ரோல்ல குப்பைன்னு சொல்லுவோம். மத்த வண்டி வர வர அப்படியே செஞ்சா முடிஞ்சுது. ஏற்கெனவே எல்லாரும் ஷெட்காரனைத்தானே ஏசுறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "மத்த வண்டி வர முந்தி, அதுல எந்த மாத்தயா உக்காந்திருப்பார்னு நமக்குத் தெரியுமா நானா?"

அன்றைக்கே டாங்கியை இறக்கிக் கழுவி, வலையை எடுத்து, புதுப் பை போட்டு மாட்டினார். புதன்கிழமை காலையில் கேஜோடு மேலே போய் வந்தார். குடைந்த கல்லிலும் முள் நாற்பதை விட்டு அசையவில்லை. டீச்சர் சாவி வாங்க வந்தார். பாஸ் அந்தச் சாம்பல் நிறக் குப்பையை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வைத்திருந்தார். அதை நீட்டினார்.

"டீச்சர், பெட்ரோல்ல பிழையில்ல. இது நான் போட்ட வலையிலருந்து வந்தது. மாத்தயா முறையைத் தவறவிட்டது என்னாலதான்."

டீச்சர் சிரட்டையைப் பார்த்தார். முகம் கறுத்தது. "மூணு வாரமா இருமுதுன்னு சொன்னேனே பாஸ். பெட்ரோல் பெட்ரோல்னீங்க. அன்னைக்கு அந்தக் கல்லுக்கிட்ட அவருக்கு மூச்சு வாங்கினது எனக்குத்தான் தெரியும்." சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் போயா. மாலையில் பாஸ் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பன்சலைக்குப் போனார். பிக்குவிடம் என்ன கேட்டார் என்பதைச் சீலாவதி பிறகு சொன்னார். "ஹாமுதுருவனே, போன வருசம் என்னைப் புகழ்ந்த அதே மைக்கைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டாராம். பிக்கு, நானே சொல்லிவிடுகிறேன் என்றாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் கடையில் கணக்கில்லாத கற்பனைகளோடு உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கி கீச்சிட்டது. பிறகு அந்தக் குரல். இருபத்தாறு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நான் பியரத்ன. நான் வலை போட்ட வண்டியெல்லாம் ஏத்தத்திலே நிக்கும். பெட்ரோல்ல பிழையில்ல, ஷெட்டுக்காரரை ஏசாதீங்க. பசை கரைஞ்சு பம்ப் வாயை அடைக்குது. அது என் கைவேலை. நாளையிலருந்து எல்லாரும் கொண்டுவாங்க, எடுத்துத் தர்றன். அதுவரைக்கும் நோயாளியை ஏத்திட்டு மேல போகாதீங்க."

அவ்வளவுதான். பசை எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் சொல்லவில்லை. என் பெயர் வரும், வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வராததுதான் என்னைக் கொன்றது. எழுந்து போய் அந்த மூன்று டியூபையும் எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். பிறகு மாவனல்லையில் என் மச்சானுக்குப் போன் போட்டு, அவன் கடையிலிருக்கும் சல்லடைப் பைகளையெல்லாம் காலையில் அனுப்பச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. பெட்ரோல் வரிசைக்குப் பிறகு அந்தச் சந்தியில் நான் பார்த்த வரிசை அதுதான். ஒருவன் ஏசினான். ஒருவன், "ஓசியிலே செஞ்சா இப்படித்தான்" என்றான். வான்காரன் ஒருவன், "கள்ளன் கொஞ்சம் பெட்ரோல்தான் எடுத்தான், நீங்க வண்டியையே எடுத்துட்டீங்க பாஸ்" என்றான். பாஸ் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கை ஒரு டாங்கிக்குள், கண் மேசை மேல். மேசையில் போன். பக்கத்தில் தேத்தண்ணி.

டீச்சரின் கார் நாலே முக்காலுக்கு எங்கள் வாசலைக் கடந்து போயிருந்தது. நிற்கவில்லை, ஹோன் அடிக்கவில்லை. குடைந்த கல்லுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஐந்து மணியாயிற்று. ஐந்தே காலாயிற்று. போன் அடிக்கவில்லை.

"தூரியன் கடை தாண்டின சத்தம் கேட்டுச்சு" என்றார் பாஸ், யாரிடம் என்றில்லாமல்.

"கோவத்திலே இருப்பாங்க பாஸ். அதான் கோல் குடுக்கல்ல" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. நானும் அவரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டில் நிற்கும் வெள்ளைக் கார், முன் சீட்டில் மூச்சுக்குத் தவிக்கும் மனிதர். ஐந்தரைக்குப் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எந்த வண்டிக்காக என்று அவர்களுக்கும் தெரியும்.

அப்போது போன் அடித்தது. ஒரு அடியோடு நிற்கும் என்று எல்லோரும் பார்த்தோம். நிற்கவில்லை. இரண்டு, மூன்று. பாஸ் எடுக்கப் பயந்தார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சீலாவதி வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"பாஸ், நான் மல்காந்தி. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். கல்லுக்கிட்ட வண்டி திணறக்கூட இல்ல. கல்லைத் தாண்டினப்பவே கோல் குடுக்கணும்னு இவர் சொன்னாரு. நான்தான் குடுக்கல்ல. கொஞ்சம் கிடந்து தவிக்கட்டும்னு நினைச்சேன். வழியெல்லாம் என்னை ஏசிட்டே வந்தாரு. இந்தாங்க, பேசுறாராம்."

திலகே மாத்தயாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது. மெசின் சத்தம் கூடவே கேட்டது.

"பியரத்ன, ஊசி குத்தப் போறாங்க, நீட்டிக் கதைக்க ஏலாது. அந்தத் தேத்தண்ணியைக் குடி. ஆறிப் பச்சைத்தண்ணியாயிருக்கும்."

பாஸ் கோப்பையை எடுத்தார். அதை அத்தனை பேருக்கும் முன்னால் நின்றபடியே குடித்து முடித்துவிட்டு, அடுத்த வண்டிக்காரனிடம் போனார்.

"உங்கட எங்க நின்னுச்சு?" என்று கேட்டார்.